மை போட்டுப் பார்ப்பவர்

ஆடு தொலைந்தால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போவார்கள். பட்டா தொலைந்தால் இவரிடம் வர வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற பஸ்ஸில் வந்து முகையூரில் இறங்குகிறவர் கண்ணில் ‘ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன்’ என்கிற போர்டு படாமல் போகாது. உள்ளே ஒரு சின்னக் கறுப்பு டப்பாவை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, பிறகு காதருகே கொண்டுபோய் இரண்டு ஆட்டு ஆட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பாரே, அவர்தான். மை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையிலேயே படம் போட்டுக் காட்டுகிறது. “அது கம்பெனிக்காரன் கணக்கு” என்பார்.

இந்த வகையினர் கண்டாச்சிபுரத்திலும் உண்டு, அரகண்டநல்லூரிலும் உண்டு. திண்டிவனத்தில் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். கடையே இல்லாமல், பேரப்பிள்ளைகளின் ஹோம்வொர்க்குக்காக வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் ரிட்டயர்டு வாத்தியார்களிலும் இந்த ரகம் இருக்கிறது. ஆனால் முற்றி விளைந்த மாதிரியைப் பார்க்க முகையூர்தான் சரி. ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். 2006 தேர்தல் வரைக்கும் சட்டமன்றத் தொகுதியும் அந்தப் பெயரில்தான் இருந்தது. மறுசீரமைப்பில் தொகுதி போய்விட்டது, மனு போகவில்லை. முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, வில்லங்கம், பயிர்க் காப்பீடு, மகளிர் உரிமைத் தொகை என்று எதற்குப் போய் நின்றாலும் “ஒரு பிரிண்ட் எடுத்துக்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் காகிதம், அவர்கள் மை. எல்லாம் ஆன்லைன் ஆனபின் நம் காகிதம், இவர் மை. அந்த மையைத்தான் இவர் சொட்டுச் சொட்டாக எண்ணுகிறார்.

இந்தக் குணம் எப்படி வந்தது என்பதில் ஊரில் இரண்டு கட்சி. ரத்தத்தில் வந்தது என்பது ஒன்று: இவர் அப்பா பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடை வைத்து, பிள்ளைகளின் பேனாவுக்கு ஃபில்லரால் மை ஊற்றிக் காசு வாங்கியவர், நிப்பில் வழிந்ததை வழித்துத் திரும்பப் புட்டியில் விட்டவர். இன்னொரு கட்சி, இவர் கல்யாணப் பந்தியில் ரெண்டாவது அப்பளம் கேட்டு வாங்குகிற சாதாரண மனிதராகத்தான் இருந்தார், பிரிண்டர்தான் கெடுத்தது என்கிறது. நான் இரண்டாவது கட்சி.

நடந்தது இதுதான். மூவாயிரத்துச் சொச்சத்துக்குப் பிரிண்டர் வாங்கினார். இவ்வளவு மலிவா என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தார். கூட வந்த கார்ட்ரிட்ஜ் ஒரு மாதம் தாங்கவில்லை. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று, சேர்த்து என்ன விலை என்று விழுப்புரத்தில் போய்க் கேட்டார். திரும்பி வருகையில் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் முகையூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாராம்.

அவரைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. கேனன் 745 என்கிற கறுப்பு கார்ட்ரிட்ஜில் உள்ள மை 8 மில்லி. இருமல் டானிக் மூடியில் ஊற்றினால் மூடி நிறையாது. அதில் 180 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. அதுவும் ஒரு பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில்தான் எழுத்து இருக்கும் என்கிற நல்லெண்ணத்தில். டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மை லிட்டர் ஒன்றேகால் லட்சம். அந்தக் காசுக்கு ஷோரூமில் புது பைக் எடுத்து, டேங்கையும் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மையில் ஆயுசுக்கும் வசூல் பண்ணுவதுதான் இந்தத் தொழிலின் ஏற்பாடு. உலகம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிப் போட்டது. நம்மவர் மெடிக்கலுக்குப் போய்ச் சிரிஞ்ச் கேட்டார்.

“யாருக்குண்ணா ஊசி?”

“பிரிண்டருக்கு.”

ரீஃபில் நடக்கிற நேரத்தில் கடையில் யாரும் பேசக் கூடாது. மேஜைமேல் பழைய பேப்பர் விரியும். கார்ட்ரிட்ஜின் தலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் ஓரம் நெம்பிப் பாதி மட்டும் உரிப்பார். திரும்ப ஒட்ட வேண்டும், கிழியலாகாது. அடியில் குண்டூசித் தலை அளவுக்குத் துளை. கறுப்பென்றால் ஒரே துளை, கவலையில்லை. கலர் டப்பாவுக்குள் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று அறை. எந்தத் துளைக்குக் கீழே எந்த நிறம் என்று எழுதிவைக்கும் பெருந்தன்மை கம்பெனிக்குக் கிடையாது. பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டெடுத்து நிறம் பார்ப்பார். பிறகு ஊசி இறங்கும். உள்ளே இருப்பது பஞ்சு. அவசரப்பட்டு அழுத்தினால் பொங்கி, பக்கத்து அறைக்குள் போய்விடும். மஞ்சளில் மெஜந்தா கலந்தால் அப்புறம் எலுமிச்சம்பழம் கேட்டால் ஆரஞ்சுதான் வரும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நர்ஸம்மா மாதிரி மெதுவாகத் தள்ளுவார். துளையின் ஓரத்தில் ஒரு மணி மை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்த ஒரு மணியைத் திரும்பச் சிரிஞ்சுக்குள் உறிஞ்சிக்கொள்வார். செல்லோ டேப் ஒட்டி, அடித்தகட்டை டிஷ்யூ பேப்பரில் ஒரு ஒற்று ஒற்ற, மூன்று நிறமும் மூன்று பட்டையாகப் பதிந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மூத்த பெண்ணுக்கு வரன் முடிந்த அன்றைக்குக்கூட இப்படிச் சிரிக்கவில்லை என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம்.

வீட்டம்மாவுக்கு வேறு வழக்குகளும் உண்டு. இட்லித் துணி ஒன்று நீலமாகிவிட்டது. காலி கார்ட்ரிட்ஜ்களைத் தூக்கிப்போட விடாமல், நாளைக்கு ஆகும் என்று அரிசி டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறார். விரல்களில் ஒன்றாவது எந்நேரமும் கறுப்பாக இருப்பதால், ஓட்டுப் போடப் போனால் பூத்தில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தேர்தல் மை மட்டும் இவருடைய மதிப்புக்குரியது. மைசூர் பெயின்ட்ஸ் சரக்கு, 1962 பொதுத்தேர்தலிலிருந்து போகிறது, சோப்புக்கும் கலையாது, மழைக்கும் கலையாது. “அதுக்கு மட்டும் இன்னும் கம்பேட்டிபிள் வரல” என்பார் ஒரு தினுசான ஏக்கத்தோடு.

இவர் வாங்குகிற கம்பேட்டிபிள் மையை டூப்ளிகேட் என்று சொல்லிவிடாதீர்கள். கம்பெனி பெயரைத் திருடி ஒட்டி விற்கிறவன்தான் டூப்ளிகேட். தன் பெயரைத் தானே போட்டு, ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று விற்கிறவன் யோக்கியன். இந்த வித்தியாசத்தை இவர் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும். சட்டப்படி விளக்கம் சரிதான்.

ஊசியைக் கேலி பண்ணுகிறவர்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறார். கதை நிஜம். 1977இல் ஜப்பானில் கேனன் ஆராய்ச்சிக் கூடத்தில் இச்சிரோ எண்டோ என்பவர் வேலை பார்த்த இடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை சீறியடித்தது. சூட்டில் கொப்புளம் கிளம்பி மையை வெளியே தள்ளுகிறது என்று பிடித்துக்கொண்டார்கள், பபுள் ஜெட் பிறந்தது. ஹெச்.பி. தனியாக அதே வழியைக் கண்டுபிடித்து 1984இல் திங்க்ஜெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. “பிரிண்டர் பொறந்ததே சிரிஞ்சுல. நான் தாய் வீட்டுல கொண்டுபோய் விடுறேன், இதுல இன்னா தப்பு?”

தப்பில்லை. மிச்சம் பிடிப்பது ஊசியோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் விஷயத்திலேயே கை வைக்கிறார். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் தாளுக்கு இரண்டு பக்கம், எறும்பு எழுத்தில். தடித்த எழுத்துகளெல்லாம் இவர் கையில் இளைத்துப்போகும். பள்ளிக்கூடப் பையன் செஞ்சிக் கோட்டைப் படம் கேட்டு வந்தால், சாயங்கால வானத்தோடு ஒரு படம்கூடக் கிடைக்காது. “வெயில்ல எடுத்ததுதான் கண்ணு தெளிவா இருக்கும்” என்று வெளுத்த வானமாகத் தேடித் தருவார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எடுக்க வருகிறவர்களிடம் பேரம் பேச எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. இவர் விலையில் பேச மாட்டார்.

“பின்னாடி முழுக்கக் கறுப்பு எதுக்குண்ணா? பெரியவரு சிரிச்ச முகம். வெள்ளையில வச்சாத்தான் சாந்தமா இருக்கும்.”

“எல்லாரும் கறுப்புலதான போடுறாங்க?”

“எல்லாரும் போடுவாங்க. உங்கப்பா மாதிரி ஒரு மனுசன் எல்லாருக்கும் கெடைப்பாங்களா?”

துக்க வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளைக்குச் சம்மதிப்பார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இரண்டும் உண்மையான கண்ணீர்தான்.

கலர் மூன்றும் ஒரே நாளில் தீராது, அதுதான் இந்தத் தொழிலின் சாபக்கேடு. மெஜந்தா முந்திக்கொண்டு போனால் சிவப்பெல்லாம் மஞ்சளாகும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இருப்பவருக்குக் காமாலை கண்டுவிடும். “இப்ப இதான் ஆயா புது மாடல்” என்று போட்டோவைச் சமாளிக்கலாம், கொடியைச் சமாளிக்க முடியாது. இந்தப் பக்கத்தில் செல்வாக்குள்ள கட்சிகளில் கொடியில் சிவப்பு இல்லாத கட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைவர் பிறந்தநாள் வாழ்த்து நோட்டீஸில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தால், கிளைச் செயலாளர் மையைச் சந்தேகிக்க மாட்டார். யார் தூண்டிவிட்டார்கள் என்றுதான் கேட்பார். ஆகவே தேர்தல் சீசனில் மட்டும் சீல் பிரிக்காத ஒரிஜினல் கலர் கார்ட்ரிட்ஜ் ஒன்று மாதா படத்துக்குப் பின்னால் தயாராக இருக்கும். அதைப் பிரிக்கும்படி ஆகிவிடக் கூடாதென்று மாதாவிடமே வேண்டுதலும் உண்டு.

கறுப்புக்கு லேசர் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளின் குலதெய்வமான பழைய ரகம், 12ஏ டோனர் போடுவது. புது டோனரில் 2,000 பக்கம் என்று கணக்கு. எழுத்து மங்கினால் வெளியே எடுத்து நாலு குலுக்கு குலுக்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதற்கப்புறம் பவுடர் ஃபில்லிங். பவுடர் மாற்றுவார், டிரம் மாற்ற மாட்டார். தேய்ந்த டிரம் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரமாக ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தாலுகா ஆபீஸில் முகவரியைப் படிக்காமலே “முகையூரா?” என்று கேட்கிறார்களாம். இதையும் இவர் பெருமையாகத்தான் சொல்கிறார்.

எதற்கும் கோபப்படாதவரைக் கோபப்படுத்த வேண்டுமானால் ‘அப்டேட் பண்ணிடலாமாண்ணா?’ என்று கேட்டால் போதும். 2016 செப்டம்பர் 13 அன்று உலகத்தின் பல மூலைகளில் ஹெச்.பி. ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வெளி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று துப்பத் தொடங்கின. முந்தைய நாள்வரை ஏற்றுக்கொண்ட அதே கார்ட்ரிட்ஜ்கள். மாதக்கணக்குக்கு முன்பே வந்து படுத்திருந்த அப்டேட்டுக்குள் நாள் குறித்து வைத்திருந்திருக்கிறார்கள். பெரிய ரகளையாகி, முறையாகச் சொல்லாமல் செய்ததற்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள மாற்று மென்பொருளும் கொடுத்தது. ஆனால் பூட்டுப் போடுகிற பழக்கத்தை விடவில்லை. 2024 ஜனவரியில் கம்பெனித் தலைவர் என்ரிக் லோரெஸ், கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் நுழைய முடியும் என்று டி.வி. பேட்டியில் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நம்மவர் சிரிஞ்சை வெந்நீரில் கழுவுகிறார். கிண்டலுக்குத்தான்.

நம்மவர் தரப்புக்கும் ஒரு வெற்றி உண்டு. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்கிற ஊரிலிருந்த இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் காலி டோனர்களை வாங்கி, நிரப்பி விற்றது. லெக்ஸ்மார்க் கம்பெனி காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 மே 30ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்ற பொருள்மேல் விற்றவன் காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டது. இதை இவர் சொல்லும்போது கேட்க வேண்டும். விழுப்புரம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலைந்து தானே ஜெயித்த மாதிரி இருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. மயிலத்தில் அரை மீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கரையை மீறி ஓடியது. வடிந்தபிறகு இவர் கடைக்கு வந்த காகிதங்கள்தான் உண்மையைச் சொல்லின. லேசர் பிரிண்ட் பட்டா நனைந்து காய்ந்து அப்பளமாகியிருந்தாலும் சர்வே நம்பர் தெரிந்தது, முகையூர்க் கோடும் தெரிந்தது. இங்க்ஜெட்டில் எடுத்த ஆதார் கலர் பிரிண்டிலோ முகம், நம்பர், அரசு முத்திரை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஊதா நிறத்தில் ஒரு திட்டு. மையில் இரண்டு ரகம். டை என்பது தண்ணீரில் கரைகிற சாயம். பிக்மென்ட்டில் நிறம் நுண்ணிய துகளாக இருந்து காகிதத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும், நனைந்தாலும் அவ்வளவு சுலபத்தில் எழுந்து போகாது. இவர் வாங்குவது டை. விலை குறைவு.

“இன்னா நைனா, என் மொகத்தையே காணோம்?” என்று கேட்டது ஒரு ஆயா.

“வெள்ளத்துக்கு வூடே போச்சு, மொகம் நிக்குமா ஆயா? குடு, வேற போட்டுத் தரேன்.”

ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்த நேரம், எதற்கும் இருக்கட்டுமென்று எல்லாரும் நனைந்த காகிதத்தோடு வந்து நின்றார்கள். ஒருத்தரிடமும் இவர் காசு வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டிராஃப்ட் மோடில்தான் போட்டுக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு பாடுபடுகிற இந்த வம்சத்துக்குச் சரித்திரத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்தோனேசியாவில் இவரைப் போன்ற கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டிகளை வைத்து, டியூப் இழுத்து, கார்ட்ரிட்ஜுக்குள் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தடுத்துப் பயனில்லை என்று கண்ட எப்சன், 2010இல் அதே நாட்டில் தானே மைத்தொட்டி வைத்த பிரிண்டரை இறக்கிவிட்டது. அடுத்த வருஷம் இந்தியாவுக்கு வந்தது. பிறகு கேனனும் ஹெச்.பி.யும் தொட்டி கட்டினார்கள். இப்போது மெஷின் விலை கூட, மை விலை சல்லிசு. 65 மில்லி கறுப்பு பாட்டிலில் 4,500 பக்கம் என்கிறார்கள். பாட்டில் முந்நூறு நானூறு ரூபாய். பக்கத்துக்குப் பத்து பைசாகூட இல்லை. காகிதம் அதைவிடப் பல மடங்கு. “நம்மளப் பாத்துத்தான் அவன் கத்துக்கிட்டான்” என்பார், அது முக்கால்வாசி சரி.

ஜெயித்தாயிற்று. வேறு ஆளாக இருந்தால் சிரிஞ்சைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவருக்கு அது முடியவில்லை. தொட்டி பிரிண்டர் வாங்கிய பிறகும் கடையை ஒரு நாள் சாத்திவிட்டு, சென்னைக்கு பஸ் ஏறி, ரிச்சி தெருவில் லிட்டர் பாட்டிலில் வெளி மை வாங்கி வருகிறார். எட்டு பைசாவை மூன்று பைசாவாக்கத்தான். பஸ் சார்ஜ், சாப்பாடு, அன்றைய வியாபாரம் எல்லாம் சேர்த்தால் நஷ்டமாயிற்றே என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “காசுக்காகவா சார் பண்றேன்?” என்றார். பின்னே எதற்கு என்று கேட்டேன். மெஜந்தா லெவல் பார்க்கப் போய்விட்டார். கம்பெனி கொடுத்த வியாதிதான். கம்பெனி திருந்தியும் வியாதி போகவில்லை.

தொட்டி பிரிண்டரில் ஹெட் என்பது டப்பாவோடு மாறுவதில்லை, பிரிண்டருக்குள்ளேயே இருப்பது. அது அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. வெளி மை, சித்திரை வெயில், ஞாயிற்றுக்கிழமை லீவு மூன்றும் சேர்ந்தால் திங்கட்கிழமை முதல் பிரிண்ட் வரி வரியாக வரும். உடனே ஹெட் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்குக்கும் பிரிண்டர் தொட்டியிலிருந்து மையை உறிஞ்சிக் கொப்பளித்து, அடியில் இருக்கும் பஞ்சுத் திண்டில் துப்பும். எத்தனை துப்பினோம் என்று தானே எண்ணிவைத்துக்கொண்டு, கணக்கு நிறைந்த அன்றைக்கு விளக்குகளை மினுக்கி வேலைநிறுத்தம் பண்ணிவிடும். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் திண்டை மாற்றிக் கணக்கைப் பூஜ்யமாக்கித் தருவார்கள். இவர் எங்கிருந்தோ ஒரு ரீசெட்டர் வாங்கிக் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிக்கொண்டார். திண்டு பழைய திண்டு.

போன மாதம் நான் ஒரு வில்லங்கச் சான்றுக்காகக் காத்திருந்தபோது பிரிண்டருக்கு அடியிலிருந்து மேஜைமேல் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. பிரிண்டரைச் சாய்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, திண்டை வெளியே எடுத்தார். இத்தனை வருஷம் ஊசி முனையில் உறிஞ்சி உறிஞ்சி மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் ஊறி, கனத்து, சொட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் இடிந்துபோய்விடுவார் என்று நினைத்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவர் டீக்கடைப் பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுத்துத் திண்டைப் பிழிந்தார். முக்கால் டம்ளர் தேறியது. விரலால் தொட்டு, ஓரம் கிழிந்த ஒரு தாளில் கோடு இழுத்துப் பார்த்தார்.

“மஞ்சளு, செவப்பு, நீலம் எல்லாம் ஒண்ணாச் சேந்தா கறுப்புதான சார்?”

“கறுப்புதான். ஆனா அதுல பஞ்சு, தூசி எல்லாம் இருக்குமேண்ணா?”

நான் சொல்லி முடிப்பதற்குள் செல்லை எடுத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

“அந்தப் பழைய டீ வடிகட்டி ஒண்ணு இருந்துச்சே, தூக்கிப் போட்டுட்டியா?... செரி, அப்ப புதுசையே குடுத்தனுப்பு.”